மறைச்சு வச்ச கட்டம்

ஆதார் கார்டு ரெண்டு காப்பி. முன்பக்கம், பின்பக்கம். சரி, குடுங்க. ஆனா சார், ஜெராக்ஸ் எடுக்க வந்தவுக மெஷினைப் பாப்பாக. நீங்க வந்ததுலருந்து எதிர் வரிசைல நாலாவது வீட்டையே பாத்துக்கிட்டிருக்கீங்க. பச்சைக் கதவு போட்ட வீடு. கண்டக்டர் ராஜாமணி வீடு. பொண்ணு விஷயமா விசாரிக்க வந்திருக்கீங்க, அப்படித்தான?

கூச்சப்படாதீங்க சார். ஊர்ல எல்லாரும் செய்றதுதான். பொண்ணு வீட்ல போயி உக்காந்து சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டா என்ன தெரியப்போகுது? தெருவுல ஒரு கடைல நின்னாத்தான் நாலு விஷயம் தெரியும். என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்தப்போ நானே கோவில்பட்டில ஒரு சலூன்ல போயி முடி வெட்டிக்கிட்டே விசாரிச்சேன். அன்னிக்குப் பாதிதான் சொன்னான் அந்த ஆளு. மீதியக் கேக்க அடுத்த வாரமும் போயி வெட்டிக்கிட்டேன். மொட்டை மாதிரி ஆயிருச்சு தலை.

உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடும். இந்த நாற்காலில உக்காருங்க. டீ சொல்றேன், எதுத்தாப்ல கடைதான், கையக் காட்டினா வந்துரும்.

எந்த ஊரு நீங்க? திருப்பூரா. மாப்பிள்ளைக்குத் தாய்மாமனா. நல்லது. தாய்மாமன் விசாரிச்சா அது முறையான விசாரணை.

மாரீஸ்வரியப் பத்தி நீங்க வேற எங்கயும் கேக்க வேண்டாம் சார். என்கிட்ட கேளுங்க. எம்.எஸ்சி. கணக்கு படிச்ச பிள்ள. மெட்ரிக் ஸ்கூல்ல ஒம்பதாவது பத்தாவதுக்கு டீச்சர். காலைல ஏழு நாப்பதுக்கு இந்தக் கடையத் தாண்டுவா. நான் கடிகாரத்தப் பாக்குறதில்ல, அந்தப் பிள்ளையப் பாத்துத்தான் ஷட்டரத் தூக்குறேன். இந்தத் தெருவுல கணக்குல தவறிப் போன பிள்ளைக ஏழெட்டு பேரு அவ வீட்டு மாடில உக்காந்து படிச்சுப் பாசாயிருக்காக. என் மூத்தவளும் அதுல ஒருத்தி. அம்மா இல்லாத வீடு. அப்பாவுக்குச் சமைச்சு வச்சிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போவா. அதிர்ந்து ஒரு வார்த்த பேசி நான் கேட்டதில்ல.

நான் சொல்றேன்ல சார், தங்கம். அந்தப் பிள்ளையப் பத்தி என்னளவுக்கு அக்கறையாப் பேசுற ஆளு இந்த சாத்தூர்ல கிடையாது. ஏன்னா அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு துரோகம் பண்ணியிருக்கேன்.

ஐயோ, அப்படிப் பாக்காதீங்க. அந்த மாதிரித் துரோகம் இல்ல. இது கம்ப்யூட்டர் துரோகம்.

உங்களுக்குத் தெரிஞ்சதாத்தான் இருக்கும். இந்தப் பக்கம் தெரியாதவுக யாரு? ஆனா நடந்தத நடந்தபடி யாரும் சொல்லியிருக்க மாட்டாக. அதச் சொல்ற ஆளு நான் ஒருத்தன்தான். மெஷின் சூடேறட்டும், அதுக்குள்ள சொல்லிர்றேன்.

எங்க சங்கத்துல ஒரு திருமணத் தகவல் மையம் உண்டு. இருபத்திரெண்டு வருஷமா அதப் பாத்துக்கிட்டவரு ஞானகுருசாமி அண்ணாச்சி. நிமிர்ந்து நடக்குற மனுஷன். எழுபதத் தாண்டியாச்சு, இன்னிக்கும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைதான். சம்பளம் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடுன்னு அலையறதே அவருக்கு வேலை. ஆபீஸ்ல ஒரு பழைய கம்ப்யூட்டர். அதுல ஆண் ஒரு ஃபைலு, பெண் ஒரு ஃபைலு. பழைய எக்ஸெல். ரெண்டும் சேத்து அறுநூத்திச் சொச்சம் பேரு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரிசை. பேரு, நட்சத்திரம், படிப்பு, வேலை, ஊரு, உயரம்.

அதத் திறந்து பாத்தா சார், திருவிழா மாதிரி இருக்கும். ஒரு வரிசை மஞ்சள், ஒண்ணு பச்சை, ஒண்ணு ஆரஞ்சு, ஒண்ணு ஊதா, சாம்பல், ரோஸு. நான் முதல்ல பாத்தப்போ, பாவம் வயசானவரு, கலர் பட்டனத் தெரியாம அமுக்கியிருக்காருன்னுதான் நெனச்சேன்.

சங்கத்துல புதுத் தலைவர் வந்தாரு. வெப்சைட் வேணும், செல்போன்ல வரன் பாக்கணும்னாரு. மதுரைல ஒரு கம்பெனிகிட்ட குடுத்தாக. அவங்க கேட்டது, எங்களுக்கு இந்தப் பழைய ஃபைலு வேண்டாம், சிஎஸ்வியா மாத்தித் தாங்கன்னு. அது ஒண்ணுமில்ல சார். வெறும் எழுத்து, நடுவுல கமா. கோடு கிடையாது, கட்டம் கிடையாது, கலரு கிடையாது. நகையெல்லாம் கழட்டி வச்ச மாதிரி. அந்த மாத்துற வேலைய என்கிட்ட குடுத்தாக. ஊர்ல கம்ப்யூட்டர்னா ஜெயபாண்டிதான?

நான் அந்த வேலைய எப்படிச் செஞ்சேன்னு கேளுங்க. அதெல்லாம் பழைய தமிழ் ஃபாண்டு. இப்ப உள்ளதுக்கு மாத்தினா விசாகம் வேற என்னமோ ஆகும், சாத்தூர் வேற என்னமோ ஆகும். ஒவ்வொரு வரியா உக்காந்து சரி பண்ணினேன். அறுநூத்திச் சொச்சம் வரி சார். ஒரு கொம்பு மாறல, ஒரு கால் விழல. மதுரைக்காரனே போன் பண்ணி, இவ்வளவு சுத்தமா யாரும் குடுத்ததில்லைன்னான். அத நான் பெருமைக்குச் சொல்லல. நடந்தது அது.

வேலைய ஆரம்பிக்கும்போது அண்ணாச்சி ஒண்ணுதான் கேட்டாரு.

"ஜெயபாண்டி, புதுசுல கலரு வருமாப்பா?"

"வராதுண்ணாச்சி. எழுத்து மட்டுந்தான்."

"கலரு வரலைன்னா எனக்குக் கண்ணு போன மாதிரி."

அப்புறந்தான் சொன்னாரு. ஒவ்வொரு கலருக்கும் ஒரு அர்த்தம். பச்சைன்னா ஜாதகம் பாக்காத வீடு. மஞ்சள்னா வெளியூருக்குக் குடுப்பாக. அதெல்லாம் சும்மா. மத்த கலருதான் விஷயம். ஆரஞ்சுன்னா ஒரு தடவ நிச்சயம் பண்ணி நின்னுபோன பிள்ள. சாம்பல்னா அப்பா குடிப்பாரு. ரோஸுன்னா வீட்ல யாரோ ஒருத்தர் ஓடிப்போயிக் கல்யாணம் பண்ணியிருக்காக. ஊதான்னா உடம்பு.

மூணு நாளு மத்தியானம் என் பக்கத்துல உக்காந்து, வரிசை வரிசையா விரல வச்சுச் சொன்னாரு. மெதுவாச் சொன்னாரு. யாராவது வந்தா நிறுத்திருவாரு. அவ்வளவும் அந்தந்த வீட்டு அப்பா அம்மா அவர நம்பிச் சொன்னது. அத என்கிட்ட சொல்றதுக்கு அவருக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான் தோணுது. அப்போ எனக்கு எந்த வரிசைக்கு எந்தக் கலருங்கிறதுதான் கவலை.

நான் கேட்டேன், "மறைச்சுக் கட்டி வைக்கிறது தப்பில்லையாண்ணாச்சி? கட்டிக்கப் போறவுகளுக்குத் தெரியணும்ல?"

"யாருடா மறைச்சா?" கோவம் வந்துருச்சு அவருக்கு. "ஒரு கல்யாணத்துலயும் நான் மறைச்சதில்ல. முதல்ல பிள்ளையப் பாக்கட்டும், ரெண்டு வார்த்தை பேசட்டும், பிடிச்சிருக்குன்னு சொல்லட்டும். அப்புறம் மாப்பிள்ளை வீட்டுப் பெரியாளைத் தனியா என் வீட்டுக்குக் கூப்பிட்டு, மோர் குடுத்து, இந்த மாதிரின்னு சொல்லுவேன். வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்கம்பேன். அப்பச் சொன்னா அது அந்தப் பிள்ளைகிட்ட இருக்கிற ஒரு விஷயம். முன்னாடியே சொல்லிட்டா அந்த விஷயந்தான் பிள்ளைன்னு ஆயிரும்."

அப்புறம் சொன்னாரு, "எழுத்தா எழுதிராதப்பா. எழுத்துன்னா யாரு கைக்கும் போகும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போடு. எந்த நம்பருக்கு என்னன்னு என் டைரில குறிச்சுக்கிறேன்."

சரின்னேன். சத்தியமா சரின்னுதான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். அண்ணாச்சிக்கு வயசாச்சு, நெஞ்சுல ஒரு தடவ வலி வந்து ஆஸ்பத்திரில கிடந்து வந்தவரு. நாளைக்கு அவருக்கு ஒண்ணு ஆயிட்டா அந்த டைரி எங்க போகும்? அவருக்கு அப்புறம் வர்றவனுக்கு நாலுன்னா என்னன்னு எப்படித் தெரியும்? நம்ம செஞ்சு குடுக்குற வேலை முழுசா இருக்கணும்ல? அதனால கடைசில ஒரு கட்டம் போட்டேன். தலைப்பு, குறிப்பு. அதுல எழுத்தாவே எழுதினேன். அவரு சொன்னத அவரு சொன்ன மாதிரியே எழுதினேன். எழுதி முடிச்சு அந்தக் கட்டத்த மறைச்சிட்டேன். அதுல ஒரு வசதி உண்டு சார், ஒரு கட்டத்த வேண்டாம்னா மறைச்சு வச்சிரலாம். ஃபைலத் திறந்தா கண்ணுக்குத் தெரியாது. தெரிஞ்சவன் எடுத்தா வரும்.

அண்ணாச்சிகிட்ட சொல்லல. சொன்னா வேண்டாம்பாரு. அவருக்குக் கம்ப்யூட்டரப் பத்தி என்ன தெரியும்?

அப்புறம் சிஎஸ்வியா மாத்தினேன். மாத்தும்போது அதுவே கேக்கும், இதுல சில விஷயம் தங்காது, பரவாயில்லையான்னு. பரவாயில்லைன்னு அமுக்கினேன். கலரு போச்சு, கோடு போச்சு. ஒண்ணுதான் எனக்குத் தெரியாது. அந்த ஃபைலுல எதையும் மறைச்சு வைக்க முடியாது. மறைச்சு வச்ச கட்டமும் மத்ததோட சேந்து வெளிய வந்துரும்.

மதுரைக்கு அனுப்பிட்டேன்.

இந்தாங்க சார், டீ. சூடாக் குடிங்க. சர்க்கரை கம்மி போடச் சொல்லியிருக்கணுமோ? பரவாயில்லையா.

சங்கத்துல வருஷா வருஷம் வரன் அறிமுகக் கூட்டம் நடக்கும். மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளையெல்லாம் ஒவ்வொரு நம்பராக் கூப்பிட, மேடைல ஏறி பேரு, படிப்புச் சொல்லி இறங்கணும். எல்லார் விவரமும் ஒரு புத்தகமாப் போட்டு வர்றவுக கைல குடுப்பாக. அந்த வருஷம் புத்தகத்தையும் மதுரைக்காரனே போட்டுக் குடுத்தான். அவன் மெஷினுக்கு என்ன தெரியும்? எந்தக் கட்டம் காலியா இல்லையோ அத்தனையும் அச்சாகும். நானூறு புத்தகம். கலர் அட்டை, வழுவழுன்னு நல்ல பேப்பரு. கூட்டத்தன்னிக்குக் காலைலதான் மண்டபத்துக்குக் கட்டுக் கட்டா வந்து இறங்குச்சு. வாசல்ல மேசை போட்டு அதக் குடுக்குற பொறுப்பு என்னுது.

ஒவ்வொரு புத்தகமா நான் என் கையால குடுத்தேன் சார். ஒண்ணக்கூட விரிச்சுப் பாக்கல. அட்டைதான் பாத்தேன். அட்டைக்கு உள்பக்கம் நன்றின்னு போட்டு என் பேரும் இருந்துச்சு. அதப் பாத்தேன்.

மாரீஸ்வரி வந்தா. மெரூன் பட்டு. பின்னால ராஜாமணி, வேட்டியப் பிடிச்சுக்கிட்டு. அன்னிக்கு அவங்களுக்கு ஒரு இடம் ஏற்கெனவே ஏறக்குறைய பேசி வச்சிருந்தாரு அண்ணாச்சி. கோவில்பட்டிப் பையன், பேங்க்ல வேலை. பையன் ஒரு தடவ பாத்துப் பேசியாச்சு, பிடிச்சுப் போச்சு. பெரியவுக கூட்டத்துல ஒரு தடவ பாத்துட்டா, அன்னிக்குச் சாயங்காலமே மத்ததப் பேசிரலாம்னு ஏற்பாடு. மத்ததுன்னா, தனியாக் கூப்பிட்டு மோர் குடுத்துச் சொல்ற அந்த விஷயம்.

"மாமா, என் நம்பர் என்ன?"ன்னு கேட்டா.

"நூத்திப் பதினேழு, பாப்பா. மேடைப் பக்கமா முன்னாடி உக்காரு"ன்னு சொல்லிப் புத்தகத்தக் குடுத்தேன்.

அங்கயே நின்னு அவ பக்கத்தப் பிரிச்சா. நான் அடுத்த ஆளுக்குக் குடுத்துக்கிட்டிருக்கேன். அப்புறம் கேட்டா, "மாமா, இது எத்தனை புத்தகம்?"

"நானூறு, பாப்பா."

"எல்லாத்துலயும் இப்படித்தானா?"

"எல்லாம் ஒண்ணுபோலத்தான். ஒரு புத்தகம்கூட மட்டம் கிடையாது"ன்னேன் சார். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

அந்தப் பிள்ள புத்தகத்த மூடி முந்தானைக்குள்ள வச்சிக்கிட்டு அப்பாகிட்ட போயி உக்காந்துக்கிட்டா. அவருக்குக் குடுத்திருந்த புத்தகத்தையும் வாங்கி மடில வச்சுக்கிட்டா.

எனக்கு எப்பத் தெரிஞ்சது தெரியுமா? அதுக்கப்புறம் தொண்ணூறு புத்தகம் போயாச்சு. ஒரு அம்மா வந்து, "தம்பி, இது என்ன எழுதியிருக்குன்னு பாரு. எனக்குச் சரியாத் தெரியல"ன்னு நீட்டுச்சு. அந்தம்மா காட்டினது வேற ஒரு பையன் பக்கம். குறிப்பு, தகப்பனார் குடிப்பழக்கம், கேட்டால் மட்டும் சொல்லவும். என் எழுத்து சார் அது. நான் அடிச்சது. நூத்திப் பதினேழப் பிரிச்சேன். குறிப்பு, சிறு வயதில் வலிப்பு, நேரில் மட்டும் சொல்லவும்.

நேர்ல மட்டும் சொல்லணும்னு நானூறு புத்தகத்துல போட்டிருக்கேன்.

அந்தப் பிள்ளைக்கு இப்ப ஒண்ணும் கிடையாது சார். பத்து வயசுல வந்துச்சு, பதினாறோட நின்னுபோச்சு. மாத்திரையும் நிறுத்தி வருஷம் பத்துக்கு மேல ஆச்சு. டாக்டர் எழுதிக் குடுத்த பேப்பரக்கூட நான்தான் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தேன். ஆனா அது எல்லாம் புத்தகத்துல இல்ல. அதுல அஞ்சாறு வார்த்தைதான் இருக்கு.

நூத்திப் பதினேழுன்னு மைக்ல கூப்பிட்டாக. மண்டபத்துல பேப்பர் புரட்டுற சத்தம் கேக்குது. அந்தப் பிள்ள எந்திரிக்காதுன்னு நெனச்சேன். எந்திரிச்சுது. மேடைல ஏறி மைக்கப் பிடிச்சு, "என் பேரு மாரீஸ்வரி. எம்.எஸ்சி. கணிதம். நூத்திப் பதினேழாம் பக்கத்துல இருக்கிறது நான்தான்"னு சொல்லிட்டு இறங்கிருச்சு. அவ்வளவுதான். கோவில்பட்டி ஆளுக பந்திக்குக்கூட நிக்கல.

அப்புறம் மண்டபமே அண்ணாச்சியச் சுத்தி நிக்குது. எல்லா வீட்டு அப்பா அம்மாவும். யாருய்யா எழுதினது, யாருய்யா போடச் சொன்னது? அண்ணாச்சி புத்தகத்த வாங்கிப் படிச்சாரு. ரெண்டு மூணு பக்கம் புரட்டினாரு. தலையத் தூக்கி, அத்தனை பேருக்கு மேல என்னப் பாத்தாரு.

நான் மேசைல மீதிப் புத்தகத்த நேரா அடுக்கிக்கிட்டிருந்தேன்.

"நாந்தான்"னாரு. "நாந்தான் எழுதச் சொன்னேன். தப்பு என்னுது."

எல்லாரும் நம்பினாக. ஏன்னா அந்த விஷயமெல்லாம் தெரிஞ்ச ஒரே ஆளு அவருதான? ராஜாமணி அவர்கிட்ட போயி, சத்தம்கூட போடல, "அண்ணாச்சி, உங்ககிட்ட சொன்னா அது அப்படியே கிணத்துல போட்ட மாதிரின்னு நெனச்சேன்"னு மட்டும் சொன்னாரு. அண்ணாச்சி கையக் கும்பிட்டு நின்னாரு. எழுபது வயசு மனுஷன். நான் அடுக்கிக்கிட்டே இருந்தேன். ஒரு புத்தகம் கோணலா இருந்துச்சு, அத எடுத்து நேரா வச்சேன். அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அன்னிக்கே மையத்த விட்டுட்டாரு. அதுக்கப்புறம் ஒரு நாளு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க இங்க வந்தாரு. நான் எப்படி நிக்கிறதுன்னு தெரியாம நின்னேன். "மெஷின் நல்லா ஓடுதாப்பா?"ன்னாரு. ஓடுதுண்ணாச்சின்னேன். அவ்வளவுதான் பேச்சு. செருப்பக் கழட்டி அடிச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

தெரியாமச் செஞ்சதுதானன்னு நீங்க நினைப்பீங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் முன்னால உங்ககிட்டயும் சொன்னேன்ல, மறைச்சது வெளிய வரும்னு தெரியாதுன்னு? அது பொய் சார். மாத்தும்போது தெரியாது, ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி பாத்தேன். மாத்தின ஃபைல ஒரு தடவ திறந்து பாத்தேன். ஒவ்வொரு வரிக் கடைசிலயும் கமாவுக்கு அப்புறம் குறிப்பு நிக்குது. வலிப்புன்னு கண்ணுல பட்டுச்சு. எடுத்திருக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை. வாசல்ல ஆட்டோ நிக்குது, வீட்ல எல்லாரும் இருக்கன்குடிக்குப் போகக் கிளம்பி உக்காந்திருக்காக, மதுரைக்காரன் வேற மூணாவது தடவ போன் பண்றான். அவனுக்கு வேண்டியத எடுத்துக்குவான், வேண்டாதத விட்டுருவான்னு அனுப்பிட்டேன். கோயில்ல போயி தேங்காய் உடைச்சேன்.

இத நான் என் வீட்டுக்காரிகிட்டகூட சொன்னதில்ல. அண்ணாச்சி வீட்டுக்குப் போயிச் சொல்லணும், ராஜாமணிகிட்ட சொல்லணும், அந்தப் பிள்ளைகிட்ட சொல்லணும்னு ரெண்டு வருஷமா நினைக்கிறேன். ஏழு நாப்பதுக்கு அது கடையத் தாண்டும்போது வாயத் திறப்பேன். "என்ன மாமா"ங்கும். ஒண்ணுமில்ல பாப்பாம்பேன்.

அதனால என்னால ஆனத நான் செய்றேன். அந்தப் பிள்ளையப் பத்தி விசாரிக்க யாரு வந்தாலும் இந்த நாற்காலில உக்கார வச்சு, டீ வாங்கிக் குடுத்து, ஒண்ணு விடாமச் சொல்லி, தப்பு பிள்ளை மேல இல்ல, அண்ணாச்சி மேல இல்ல, எல்லாம் இந்தக் கடைக்காரன் பண்ணினதுன்னு புரிய வச்சுத்தான் அனுப்புறேன். இதுவரைக்கும் அஞ்சு பேரு வந்தாக. தேனி, பொள்ளாச்சி, ஓசூர்னு எல்லாம் தூரம் தூரமா. பக்கத்துலயே பாக்காம ஏன் இப்படித் தூரமாப் பாக்குறாகன்னு தெரியல. அஞ்சு பேருகிட்டயும் நல்லவிதமாத்தான் சொன்னேன். என்னமோ, ஒருத்தரும் திரும்ப வரல. நேரம் கூடி வரல போல.

என்ன சார், டீய வச்சிட்டீங்க? ஆறிப் போச்சா, வேற சொல்லவா?

ஏன் சார் எந்திரிக்கிறீங்க?

தெரியாதா? எது தெரியாது?

விளையாடாதீங்க சார். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். நானூறு புத்தகம். நீங்க திருப்பூர்னா என்ன, பொண்ணு பாக்க வர்றவுகளுக்குச் சொல்லாமலா இருந்திருப்பாக? ராஜாமணி மறைக்கிற ஆளு கிடையாது. யாரு மூலமா வந்தீங்க நீங்க?

அண்ணாச்சி மூலமாவா. ஞானகுருசாமி அண்ணாச்சியா.

அவரு வரன் பாக்குறதையே விட்டுட்டாரே. இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் பாக்குறாரா? புத்தகம் போகாத ஊராப் பாத்துக் கேட்டுக்கிட்டிருக்காரா?

மாப்பிள்ளை பாத்துட்டுப் போயிட்டாரா? பிடிச்சிருக்குன்னு அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டீங்களா? இன்னிக்கு அஞ்சு மணிக்கு உங்கள மட்டும் தனியா வரச் சொன்னாரா, ஒரு விஷயம் பேசணும்னு?

ஒரு நிமிஷம் நில்லுங்க சார். அந்த தேனிக்காரரும் இப்படித்தான் எந்திரிச்சாரு. பொள்ளாச்சி அம்மா ஜெராக்ஸக்கூட வாங்காமப் போயிட்டாக, பஸ்ஸுக்கு நேரமாச்சு போலன்னு நெனச்சேன். அஞ்சு பேரும் சார். அஞ்சு பேருக்கும் நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கேன்.

போன மாசம் அண்ணாச்சி வீட்டு வழியா வந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. பக்கத்துல சொம்புல மோர். யாரு வர்றாகண்ணாச்சின்னு கேட்டேன். ஒருத்தர் வர்றேன்னாருப்பா, இன்னும் காணோம்னாரு. அது அந்த ஓசூர்க்காரருக்குன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது. அன்னிக்கு மத்தியானம் அவரு இந்த நாற்காலில உக்காந்திருந்தாரு.

உங்களுக்கு அந்தப் பிள்ள வேண்டாம்னா வேண்டாம் சார், அது உங்க இஷ்டம். ஆனா இப்படியே பஸ் ஏறிராதீங்க. அஞ்சு மணிக்கு அங்க போங்க. அவரு சொல்ல ஆரம்பிச்சதும், எங்களுக்குத் தெரியும், ஜெயபாண்டி சொல்லிட்டான்னு சொல்லுங்க. இதுக்கு முன்னால வர்றேன்னு சொல்லிட்டு வராமப் போனவுக எல்லாரும் அவன் கடைலதான் விசாரிச்சாகன்னு சொல்லுங்க. அந்தக் குறிப்ப எழுதினதும் அனுப்பினதும் அவன்தான்னு ராஜாமணிகிட்டயும் சொல்லிருங்க.

எனக்கு இந்த ஒண்ணு மட்டும் வாயில வரமாட்டேங்குது சார்.